22 மாதமா? 10 மாதமா?
அமெரிக்கப் பட்டாளத்துக்காரர் 9 வருஷம் நடத்திய படிப்பு வழக்கு

ஒருவர் பட்டாளத்தில் சேருகிறார். நாட்டுக்காக உழைத்தால் படிப்புச் செலவை அரசாங்கம் ஏற்றுக்கொள்ளும் என்று அவருக்கு வாக்குக் கொடுக்கப்படுகிறது. அவரும் உழைக்கிறார். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை பட்டாளத்துக்குப் போய் வருகிறார். கடைசியில் படிக்கப் போகும்போது, "உமக்குப் பாக்கி இருப்பது 10 மாதம்தான்" என்று கணக்கு வருகிறது. அவர் போட்டுவைத்த கணக்கோ 22 மாதம்!

12 மாதம் எங்கே போயிற்று?

இந்தக் கேள்வி அமெரிக்காவில் 9 வருஷம் கோர்ட்டு கோர்ட்டாக ஏறி இறங்கியது. 2024-ம் ஆண்டு அந்த நாட்டின் சுப்ரீம் கோர்ட்டு அதற்குப் பதில் சொன்னது. அந்தப் பதிலால் பயன் அடைபவர் ஒருவர் அல்ல. லட்சக்கணக்கான குடும்பங்களின் படிப்புக் கணக்கு அதனால் மாறியிருக்கிறது.

ஜேம்ஸ் ரூடிசில்

வழக்குப் போட்டவரின் பெயர் ஜேம்ஸ் ரூடிசில். 2000-ம் ஆண்டு அவர் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தார். முதல் தடவை வேலை முடிந்து வெளியே வந்தார். மறுபடியும் போனார். ஈராக் போர்க்களத்தைப் பார்த்தார். திரும்பி வந்து கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கினார். மூன்றாம் தடவை அதிகாரியாகவே பட்டாளத்துக்குப் போனார். இந்தத் தடவை ஆப்கானிஸ்தானத்துக்கு அனுப்பப்பட்டார். 2011-ம் ஆண்டு வெளியே வந்தார். எல்லாம் சேர்த்து அவர் சேவை செய்த காலம் ஏறத்தாழ 8 வருஷம்.

அவருக்கு ஓர் ஆசை இருந்தது. பட்டாளத்துப் பாதிரியாராக வேண்டும் என்பதே அந்த ஆசை. போர்க்களத்தில் துப்பாக்கி ஏந்தியவர், அங்கே மனம் உடைந்து கிடப்பவர்களுக்கு ஆறுதல் சொல்லும் வேலையை விரும்பினார். அதற்கு மேல்படிப்பு வேண்டும். புகழ் பெற்ற யேல் பல்கலைக்கழகத்தின் சமயக் கல்லூரியில் அவருக்கு இடமும் கிடைத்தது. படிப்புப் பணத்துக்காக 2015-ம் ஆண்டு, முன்னாள் ராணுவத்தினர் நல இலாகாவுக்கு மனுப் போட்டார்.

அங்கேதான் தகராறு தொடங்கியது.

ஒரே ஆள், இரண்டு சட்டம்

தகராறு புரிய வேண்டுமானால் இரண்டு சட்டங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று பழையது. மற்றொன்று புதியது.

பழைய சட்டம் 1984-ம் ஆண்டு வந்தது. அதற்குப் பாடுபட்ட பாராளுமன்ற உறுப்பினர் மாண்ட்கோமரியின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. அதன்படி 36 மாதத்துக்குப் படிப்பு உதவிப் பணம் உண்டு. ஆனால் அது முழுக்க இலவசம் அல்ல. அதில் சேருகிற வீரரின் சம்பளத்தில் மாதம் 100 டாலர் வீதம் 12 மாதம் பிடித்துக்கொள்வார்கள். ஆக மொத்தம் 1,200 டாலரை வீரரே முதலில் கட்டுகிறார்.

புதிய சட்டம் 2008-ம் ஆண்டு நிறைவேறி, 2009-ம் ஆண்டு ஆகஸ்டு 1-ந் தேதி அமுலுக்கு வந்தது. 2001-ம் ஆண்டு செப்டம்பர் 11-ந் தேதி நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் நடந்த தாக்குதலுக்குப் பிறகு பணியாற்றியவர்களுக்கு உரியது இது. இதிலும் 36 மாதம் உண்டு. ஆனால் உதவி மிகவும் தாராளம். 3 வருஷம் சேவை செய்தவருக்கு, அவர் குடியிருக்கும் மாகாணத்து அரசாங்கக் கல்லூரியில் முழுச் சம்பளத்தையும் அரசாங்கமே கட்டிவிடும். குடியிருக்க வாடகைப் பணம் தரும். புத்தகம் வாங்க வருஷம் 1,000 டாலர் வரை தரும். சம்பளத்தில் பிடித்தம் கிடையாது.

படிப்பு விஷயத்தில் 36 மாதம் என்றால் காலண்டரில் 3 வருஷம் அல்ல. கல்லூரி நடப்பது வருஷத்துக்குச் சுமார் 9 மாதம். ஆகவே 36 மாதம் என்பது 4 வருஷக் கல்லூரிப் படிப்பு. ஒரு பட்டம் வாங்க அது போதும். மேல்படிப்புக்கு மிஞ்சாது.

ஒருவருக்கு இரண்டு சட்டப்படியும் உரிமை இருந்தால் என்ன ஆகும்? 36-ம் 36-ம் சேர்ந்து 72 மாதம் கிடைக்குமா? கிடைக்காது. எத்தனை சட்டப்படி உரிமை இருந்தாலும் மொத்தம் 48 மாதத்துக்கு மேல் கிடையாது என்று இன்னொரு விதி வரம்பு கட்டியிருக்கிறது.

கணக்கு எங்கே பிரிந்தது?

ரூடிசில் பட்டப் படிப்புக்காகப் பழைய சட்டப்படி 25 மாதம் 14 நாள் உதவி வாங்கியிருந்தார். 48 மாதத்தில் அதைக் கழித்தால் மீதி 22 மாதம் 16 நாள். அது தமக்கு வரவேண்டும் என்றார் அவர்.

இலாகா வேறு மாதிரி கழித்தது. "பழைய சட்டத்தை விட்டுப் புதிய சட்டத்துக்கு வருகிறவருக்கு, பழையதில் மிச்சம் இருக்கிற மாதங்கள்தான் கிடைக்கும்" என்பது இலாகாவின் வாதம். அதாவது 36 மாதத்தில் 25 மாதம் 14 நாளைக் கழிக்க வேண்டும். மீதி 10 மாதம் 16 நாள்.

இரண்டு கணக்குக்கும் வித்தியாசம் சரியாக 12 மாதம். கல்லூரிக் கணக்கில் அது ஒரு வருஷத்துக்கும் மேல். பாதிரியார் படிப்பு பொதுவாக 3 வருஷம். 22 மாதம் கிடைத்தால் அதில் பெரும் பகுதியைச் சமாளித்துவிடலாம். 10 மாதத்தை வைத்துக்கொண்டு முதல் வருஷத்தைத் தாண்டுவதே பெரும் பாடு.

இலாகாவின் கணக்கில் இன்னொரு வேடிக்கையும் இருந்தது. ரூடிசில் பழைய சட்டப்படி 36 மாதத்தையும் முழுக்கச் செலவழித்திருந்தால், புதிய சட்டப்படி 12 மாதம் கூடக் கிடைத்து 48 ஆகியிருக்கும். மிச்சம் வைத்ததால் மொத்தமே 36 ஆகிவிட்டது. சிக்கனமாக இருந்தவருக்கு நஷ்டம்! செலவழித்தவருக்கு லாபம்!

9 வருஷம்

ரூடிசில் விடவில்லை. இலாகாவின் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போனார். அங்கே தோல்வி. முன்னாள் வீரர்களின் வழக்குகளை விசாரிப்பதற்கென்றே அமெரிக்காவில் ஒரு தனிக் கோர்ட்டு உண்டு. அங்கே ஜெயித்தார். அரசாங்கம் அப்பீல் செய்தது. அப்பீல் கோர்ட்டில் 2021-ம் ஆண்டு மறுபடியும் ஜெயித்தார். அதே கோர்ட்டின் நீதிபதிகள் எல்லோரும் சேர்ந்து வழக்கைத் திரும்ப விசாரித்து, 2022-ம் ஆண்டு டிசம்பரில் தீர்ப்பை மாற்றினார்கள். கைக்கு வந்தது போய்விட்டது.

கடைசியாகச் சுப்ரீம் கோர்ட்டு. 2024-ம் ஆண்டு ஏப்ரல் 16-ந் தேதி தீர்ப்பு வந்தது. 9 நீதிபதிகளில் 7 பேர் ரூடிசில் பக்கம் நின்றார்கள். தீர்ப்பை எழுதியவர் கேட்டாஞ்சி பிரவுன் ஜாக்சன். அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதியான முதல் கறுப்பினப் பெண்மணி இவர்.

தீர்ப்பின் சாரம் எளிமையானது. முதல் சேவைக்காக ஓர் உரிமை வந்தது. பின்னால் செய்த சேவைக்காக இன்னோர் உரிமை வந்தது. இரண்டும் தனித்தனியாகச் சம்பாதித்தவை. ஒன்றைப் பயன்படுத்துவதற்காக மற்றதை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. இரண்டையும் எந்த வரிசையிலும் பயன்படுத்தலாம். 48 மாத வரம்பு ஒன்றுதான் தடை.

அரசாங்கத்தின் வாதத்தையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. இரண்டு உரிமை உள்ளவர் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அப்படித் தேர்ந்தெடுத்தால் பழையதில் மிச்சம் உள்ள மாதங்களே கிடைக்கும் என்று சொல்லும் பிரிவு சட்டத்தில் இருக்கத்தான் செய்கிறது. மாறுபட்ட 2 நீதிபதிகளும் அதைத்தான் எடுத்துக் காட்டினார்கள். ஆனால் அந்தப் பிரிவு, பழைய உரிமையைப் புதிய உரிமைக்கு மாற்றிக்கொள்ள விரும்புகிறவருக்கே பொருந்தும் என்றது மற்ற 7 பேரின் தீர்ப்பு. இரண்டையும் தனித்தனியே சம்பாதித்தவர் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை.

வாக்குத் தவறினால் என்ன ஆகும்?

ஒரு நாடு தன் வீரர்களின் படிப்புக்கு ஏன் இவ்வளவு செலவு செய்கிறது? அதற்குப் பின்னால் ஒரு கசப்பான கதை இருக்கிறது.

முதல் உலக யுத்தத்தில் போரிட்ட அமெரிக்க வீரர்களுக்கு ஓர் ஊக்கத்தொகை தருவதாகச் சொன்னார்கள். ஆனால் அதை 1945-ம் ஆண்டில்தான் வாங்க முடியும். நடுவில் பெரும் பஞ்ச காலம் வந்தது. வேலை இல்லை, சோறு இல்லை. 1932-ம் ஆண்டு ஆயிரக்கணக்கான முன்னாள் வீரர்கள் பணத்தை அப்போதே தரச் சொல்லி, பெண்டு பிள்ளைகளோடு தலைநகர் வாஷிங்டனுக்குப் போய்க் குடிசை போட்டுத் தங்கினார்கள். ஜூலை 28-ந் தேதி ராணுவமே வந்து, கண்ணீர்ப் புகை வீசி அவர்களை விரட்டியது. குடிசைகள் எரிந்தன. அந்தப் படையை நடத்தியவர் பிற்காலத்தில் பெரும் புகழ் அடைந்த தளபதி மக்கார்தர்.

நாட்டுக்காகப் போரிட்டவர்களை நாட்டின் பட்டாளமே விரட்டிய காட்சியை அமெரிக்கர்கள் மறக்கவில்லை. இரண்டாம் உலக யுத்தத்தில் சுமார் 1 கோடியே 60 லட்சம் பேர் படையில் இருந்தார்கள். இத்தனை பேரும் ஒரே நேரத்தில் வீடு திரும்பினால் வேலைக்கு எங்கே போவார்கள்?

யுத்தம் முடிவதற்கு முன்பே வழி தேடினார்கள். 1944-ம் ஆண்டு ஜூன் 22-ந் தேதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அமெரிக்கச் சிப்பாயை அந்நாட்டு மக்கள் செல்லமாக "ஜி.ஐ." என்பார்கள். அதனால் இந்தச் சட்டத்துக்கு "ஜி.ஐ. சட்டம்" என்ற பெயர் நிலைத்தது. வருஷத்துக்கு 500 டாலர் வரை கல்லூரிச் சம்பளம், அதோடு மாதாமாதம் குடும்பச் செலவுக்குப் பணம். அந்த நாளில் 500 டாலர் என்றால் பெரிய கல்லூரிக்கும் போதுமான பணம்!

இப்படிப் பலரையும் சேர்த்தால் கல்லூரியின் தரம் கெட்டுவிடும் என்று பெரிய பல்கலைக்கழகத் தலைவர்கள் சிலர் பயந்தார்கள். நடந்தது வேறு. வயது வந்தவர்கள், குடும்பஸ்தர்கள், கருத்தாகப் படித்தார்கள். 1947-ம் ஆண்டு அமெரிக்கக் கல்லூரி மாணவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் முன்னாள் வீரர்கள். கல்லூரியிலும் தொழில் பயிற்சியிலும் சேர்ந்து பயன் அடைந்தவர்கள் மொத்தம் சுமார் 78 லட்சம் பேர். தச்சன் மகன் என்ஜினீயர் ஆனான். குடியானவன் மகன் வாத்தியார் ஆனான்.

எல்லோருக்கும் கிடைத்ததா?

ஆனால் அப்போதும் ஒரு குறை இருந்தது. சட்டத்தில் கறுப்பர், வெள்ளையர் என்ற பேதம் இல்லை. நடைமுறையில் பேதம் இருந்தது. தென் மாகாணங்களில் வெள்ளையர் கல்லூரிகள் கறுப்பின வீரர்களுக்குக் கதவைத் திறக்கவில்லை. அவர்களுக்கென்று இருந்த கல்லூரிகளோ சிறியவை. இடம் இல்லாமல் பலர் திரும்பினார்கள். ஒரே போரில் ஒரே கொடியின் கீழ் நின்றவர்களில் ஒருவருக்குப் பட்டம், மற்றவருக்குப் பழைய கூலி வேலை.

அந்த அநியாயம் பெரியது. ரூடிசிலுக்கு வந்த தொல்லை அவ்வளவு பெரியது அல்ல. என்றாலும் இரண்டிலும் தெரிகிற உண்மை ஒன்றுதான். சட்டம் தாராளமாக இருந்தால் மட்டும் போதாது. அதை அளந்து கொடுக்கிற கையும் நேர்மையாக அளக்க வேண்டும்.

வீட்டுக்கே சொந்தமான சொத்து

இந்த மாதக் கணக்கில் வீரரின் பெண்டாட்டி பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. புதிய சட்டத்தில் உள்ள முக்கியமான விசேஷம் இது. 6 வருஷம் சேவை முடித்தவர், இன்னும் 4 வருஷம் இருப்பதாக ஒப்புக்கொண்டால், தமக்கு உள்ள மாதங்களை மனைவி பெயருக்கோ பிள்ளைகள் பெயருக்கோ மாற்றிவிடலாம். பெண் வீரரானால் கணவருக்கு மாற்றலாம். ஆனால் பட்டாளத்தில் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு முடியாது. பணியின்போது உயிர் இழந்தவர்களின் பிள்ளைகளுக்குத் தனி உதவியும் இருக்கிறது.

இதற்கு ஒரு காரணம் உண்டு. 1973-ம் ஆண்டு முதல் அமெரிக்காவில் கட்டாய ராணுவ சேவை இல்லை. விருப்பப்பட்டு வருகிறவர்கள்தான் படையில் சேருகிறார்கள். அவர்களை அழைத்து வரவும், வந்தவர்களை நிறுத்தி வைக்கவும் அரசாங்கத்திடம் உள்ள பெரிய கவர்ச்சி படிப்பு. இளைஞன் தன் படிப்புக்காகச் சேருகிறான். நடுவயதில் தன் பிள்ளையின் படிப்புக்காக நீடிக்கிறான்.

பட்டாளத்துக் குடும்பத்தின் கஷ்டம் எந்த நாட்டிலும் ஒன்றுதான். தகப்பன் எல்லையில். தாய் ஒருத்தியாக வீட்டைச் சுமக்கிறாள். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை ஊர் மாற்றம். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மாற்றம். அந்தக் கஷ்டத்துக்கெல்லாம் ஈடாகக் கிடைக்கிற ஒரே சொத்து இந்த 36 மாதம், 48 மாதம். அதில் 12 மாதம் குறைந்தால் ஒரு பிள்ளையின் கடைசி வருஷப் படிப்புக்குக் கடன் வாங்க வேண்டி வரும்.

யாருக்கு லாபம்?

2025-ம் ஆண்டு ஜனவரியில் இலாகா ஓர் அறிவிப்பு வெளியிட்டது. சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பின்படி கூடுதல் மாதங்கள் பெறத் தகுதி உள்ளவர்கள் 10 லட்சத்து 40 ஆயிரம் பேர் வரை இருக்கலாம் என்று அதில் சொல்லப்பட்டது. முன்னாள் வீரர்களும், அவர்களால் பயன் பெற்ற குடும்பத்தாரும் இதில் சேர்த்தி.

இதை ஒட்டி இன்னொரு கேள்வியும் எழுந்தது. ரூடிசில் மூன்று தடவை தனித்தனியாகச் சேவை செய்தவர். ஆனால் நடுவில் ஒரு நாள் கூட வெளியே வராமல் 20 வருஷம் ஒரே மூச்சாக உழைத்தவர்கள் எத்தனையோ பேர். சேவை ஒன்றுதானே என்று சொல்லி அவர்களுக்குக் குறைத்துவிடலாமா? இந்தக் கேள்வியோடும் சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள்.

நியாயம் எந்தப் பக்கம் என்று சொல்லப் பெரிய சட்டப் படிப்பு வேண்டாம். 3 வருஷம் உழைத்து வீட்டுக்கு வந்து, மறுபடியும் போய் 3 வருஷம் உழைத்தவருக்கு 48 மாதம். இடைவிடாமல் 20 வருஷம் உழைத்தவருக்கு 36 மாதம் என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். விட்டுவிட்டு வேலை செய்த ஆளை விட, விடாமல் வேலை செய்த ஆளுக்குக் குறைந்த கூலியா? உரிமையை அளக்க வேண்டியது உழைத்த காலத்தை வைத்து. இடையில் விட்ட இடைவெளியை வைத்து அல்ல.

செலவு கூடும் என்பது உண்மை. அது மக்களின் வரிப் பணம் என்பதும் உண்மை. ஆனால் 48 மாத வரம்பு ஏற்கனவே இருக்கிறது. அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. வாக்குக் கொடுத்து, அதை நம்பி வந்தவர்களிடம் வேலை வாங்கிய பிறகு செலவைக் காரணம் காட்டுவது அழகல்ல.

கேட்டால்தான் கிடைக்கும்

ஒரு விஷயம் பாக்கி. தீர்ப்பு வந்துவிட்டதால் பணம் எல்லோர் வீட்டுக் கதவையும் தானாகத் தட்டிவிடாது. சிலருடைய கணக்கை இலாகாவே திரும்பப் பார்க்கும். ஆனால் பலர் தாங்களே மனுப் போட்டுக் கேட்க வேண்டும். பட்டாளத்தை விட்டு 10, 15 வருஷம் ஆனவர்கள் எங்கெங்கோ வேலையில் இருக்கிறார்கள். தங்களுக்கு 12 மாதம் பாக்கி இருப்பதே பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். சில வீடுகளில் பிள்ளைகள் கடன் வாங்கிப் படிப்பையே முடித்திருப்பார்கள். 10 லட்சம் பேரில் எத்தனை பேர் கேட்டு வாங்குகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் இந்த வெற்றியின் அளவு தெரியும்.

வழக்கை ஜெயித்த ரூடிசிலுக்கு என்ன கிடைத்தது? 2015-ல் கேட்ட மாதங்கள் 2024-ல் அவருடையவை என்று ஆயிற்று. ஆனால் அன்று கிடைத்த யேல் இடத்தை அவர் அப்போதே விட வேண்டியதாயிற்று. பாதிரியார் கனவும் அதோடு போயிற்று. வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்தில் அவர் எப்.பி.ஐ. என்னும் மத்தியப் புலனாய்வு இலாகாவில் அதிகாரியாக வேலை பார்த்தார். போன 9 வருஷத்தை எந்தக் கோர்ட்டாலும் திருப்பித் தர முடியாது.

என்றாலும் அவர் அன்றைக்கு 10 மாதத்தை வாங்கிக்கொண்டு பேசாமல் போயிருந்தால், மற்றவர்களுக்கும் 10 மாதக் கணக்கே நிலைத்திருக்கும். இனி யாராவது ஒரு வீரரின் மகள், தகப்பன் சம்பாதித்து வைத்த மாதங்களைக் கொண்டு கடைசி வருஷத்தைக் கடன் இல்லாமல் முடிப்பாள். அவளுக்கு ரூடிசில் யார் என்று தெரியாமல் இருக்கலாம். அவளுடைய கல்லூரிச் சம்பளம் கட்டப்பட்டிருக்கும்.